தலைகீழாக நிறுத்திய சைக்கிளில் கியர் நேராகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சைக்கிளைக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் ஊன்றியிருக்க, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியரைச் சரிசெய்கிறீர்கள். அப்போது எல்லாக் கியரும் சத்தமில்லாமல் மாறுகின்றன. நிமிர்த்தி ஓட்டினால் நடுக் கியர்களில் ‘டிக் டிக்’ என்று தட்டுகிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் தானாகத் தாவுகிறது. மூன்று முறை செய்தும் இதே கதை. சைக்கிளைத் தூக்கிப் பிடிக்கும் ஒர்க் ஸ்டாண்ட் வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஒரு நிலையில் ஒழுங்காக இருந்த கியர் இன்னொரு நிலையில் ஏன் கெடுகிறது என்பதற்கு முதலில் பதில் தேடுவோம். அது தெரிந்துவிட்டால் ஸ்டாண்ட் கேள்விக்கு விடை எளிது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். இதே புகாரோடு வந்தவர்களை எண்ணி மாளாது. பெரும்பாலும் அவர்கள் கியரைத் தவறாகச் சரிசெய்திருக்க மாட்டார்கள். சரியாகத்தான் செய்திருப்பார்கள், ஆனால் தலைகீழாக நிற்கும் சைக்கிளுக்கு. அதை யாரும் ஓட்டுவதில்லை என்பதுதான் சிக்கல்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். உங்கள் கட்டைவிரல் அழுத்தும் ஒவ்வொரு சொடுக்கும் கேபிளைக் குறிப்பிட்ட அளவு இழுக்கிறது. பல மாடல்களில் கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால் பின்னால் தொங்கி, செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் டீரெய்லர் ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். 8 கியர் கேசட்டில், அதாவது பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கர அடுக்கில், ஒரு பற்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு 4.8 மி.மீ.; 10 கியரில் கிட்டத்தட்ட 4 மி.மீ.; 11, 12 என்று போகப்போக இன்னும் குறைவு. கேபிளைச் சுற்றியுள்ள உறை எங்கோ அரை மி.மீ. இடம் பெயர்ந்தால் போதும், டீரெய்லர் கிட்டத்தட்ட 0.85 மி.மீ. விலகி நிற்கும். 10 கியர் கேசட்டில் அது ஒரு படியில் ஐந்தில் ஒரு பங்கு. செயின் பக்கத்துப் பற்சக்கரத்தை உரச இவ்வளவு விலகல் தாராளமாகப் போதும். கியர் எண்ணிக்கை கூடக்கூட, பழைய சைக்கிள் பொறுத்துக்கொண்ட சின்னத் தவறுகளைப் புதிய சைக்கிள் பொறுப்பதில்லை.

இப்போது கவிழ்த்த சைக்கிளின் ஹேண்டில்பாரைக் குனிந்து பாருங்கள். நேர் ஹேண்டில்பார் என்றால் கியர் லீவரும் அதன் எண் காட்டும் சிறு கண்ணாடியும் தரையில் உட்கார்ந்திருக்கும். லீவரிலிருந்து முன்பக்கமாக வளைந்து போகும் கேபிள் உறை தரையில் முட்டி, ஓட்டும்போது இருக்கும் வளைவை விட்டு வேறு வளைவில் நசுங்கியிருக்கும். ஹேண்டில்பாரும் நேராக இருக்காது. எந்தப் பக்கம் சாய்ந்தால் விழாமல் நிற்குமோ அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அது திரும்பினால், ஃபிரேமின் கழுத்தருகே உறை இழுபடும் அல்லது தளரும். இந்த நிலையில் கேபிள் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டர் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, சத்தம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள். நிமிர்த்தியதும் உறை தன் பழைய வளைவுக்குத் திரும்புகிறது. நீங்கள் கண்டுபிடித்த அந்த இடம் பறிபோய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கவிழ்ந்த சைக்கிளில் லீவரை அழுத்த, கையைத் தரையோடு தரையாக நுழைக்க வேண்டும். அழுத்தும்போது சைக்கிளையே சற்றுத் தூக்கிவிடுவோம். அது சலித்துப்போய்ப் பலர், ஃபிரேமின் ஓரம் வெளியே தெரியும் கேபிளைக் கையால் இழுத்துக் கியர் மாற்றிப் பார்க்கிறார்கள். கை இழுப்பது கையின் அளவு. லீவர் இழுப்பது அதன் சொடுக்கின் அளவு. இரண்டும் ஒன்றல்ல.

இது உங்கள் சைக்கிளுக்கும் பொருந்துமா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சைக்கிளை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, சீட்டைப் பிடித்துப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும்படி இன்னொருவரைத் தூக்கச் சொல்லுங்கள். நடுக் கியரில் வைத்துப் பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். இப்போதே தட்டுகிறது என்றால் நான் சொன்னதுதான் காரணம். தட்டவில்லை என்றால், சுற்றிக்கொண்டே ஹேண்டில்பாரை முழுக்க இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். திருப்பும்போது சத்தம் வந்து வந்து போனால், கேபிள் உறை நீளம் பற்றாமல் இருக்கிறது அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது. அப்படியானால் எந்த ஸ்டாண்ட் வாங்கினாலும் தீராது. உறையை மாற்ற வேண்டும்.

புவியீர்ப்பைக் காரணம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கவிழ்த்தால் டீரெய்லர் எதிர்ப்பக்கம் தொங்குகிறது, செயினின் எடை மாறி இழுக்கிறது, அதனால்தான் கியர் கெடுகிறது என்பார்கள். இதை நான் பெரிதாக நம்புவதில்லை. டீரெய்லரின் கூண்டைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கை விரலால் ஒருமுறை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அந்த விசைக்கு முன்னால் கால் கிலோ சொச்சம் எடையுள்ள செயின் எம்மாத்திரம். முன்னும் பின்னும் மிகச் சிறிய பற்சக்கரங்களில் செயின் கிடக்கும்போது மட்டும், ஸ்பிரிங் ஏறக்குறைய சுருங்கி முடிந்திருக்கும். அங்கே தொய்வு சற்று மாறித் தெரியலாம். நடுக் கியரில் தட்டுவதற்கு அது காரணம் ஆகாது.

பலர் கவனிக்காமல் விடும் காரணம் பின்சக்கரம் உட்கார்ந்திருக்கும் விதம். டீரெய்லர் தொங்குவது ஃபிரேமில். பற்சக்கரங்கள் இருப்பது சக்கரத்தில். அச்சு தன் பிளவில் ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் நூலளவு குறைவாகவும் அமர்ந்திருந்தால், கேசட் முழுவதுமே டீரெய்லருக்குக் கோணலாக நிற்கும். சைக்கிளைக் கவிழ்த்தோ ஸ்டாண்டில் மாட்டியோ அச்சை இறுக்கும் கைப்பிடியான குயிக் ரிலீஸை இறுக்கினால் இந்தக் கோணல் எளிதில் வந்துவிடும். ஸ்டாண்டில் சக்கரம் கீழே நழுவப் பார்க்கும் என்பதால் அங்கே இன்னும் எளிது. எனவே, எந்த வகைத் தாங்கலில் வேலை செய்தாலும், அதற்கு முன் சைக்கிளை இரண்டு சக்கரத்திலும் தரையில் நிறுத்துங்கள். குயிக் ரிலீஸைத் தளர்த்தி, சீட்டின் மேல் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி, அச்சு ஆழமாக உட்கார்ந்ததும் இறுக்குங்கள். அச்சையே திருகி நுழைக்கும் வகைச் சைக்கிளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கவிழ்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சர் ஒட்டவும், சக்கரத்தைக் கழற்றி மாட்டவும், கியர் இல்லாத சைக்கிளின் செயினை இறுக்கவும் நானே கவிழ்க்கிறேன். கியர் இல்லாத சைக்கிளில் நமக்கு வேண்டியது செயினின் நடுவில் மேலும் கீழுமாக 10 முதல் 12 மி.மீ. வரை ஆட்டம், அதைப் பார்க்கக் கேபிள் எதற்கு? பற்கள் இடுப்பு உயரத்தில், நல்ல வெளிச்சத்தில் வந்து நிற்பது கவிழ்ப்பதில் உள்ள உண்மையான வசதி. முன் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளைச் சிறிது நேரம் கவிழ்த்து வைத்தால், உள்ளே இருக்கும் எண்ணெய் மேலேயுள்ள பஞ்சு வளையங்களை நனைக்கும் என்று வேண்டுமென்றே கவிழ்ப்பவர்களும் உண்டு. எண்ணெய் பிரேக் உள்ளவர்கள் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பிரேக் லீவரின் எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் ஏறி, நிமிர்த்திய பிறகு லீவர் பஞ்சுபோல அமுங்கும். காற்று முழுதாக எடுக்கப்பட்ட பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், நிமிர்த்தியதும் லீவரைப் பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்க்காமல் சாலையில் இறங்காதீர்கள்.

அப்படியானால் சரியான தாங்கல் எது? கியர் வேலைக்குச் சைக்கிள் ஓட்டும்போது நிற்பது போலவே நிற்க வேண்டும். பின்சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். கேபிளை எதுவும் தொடக் கூடாது. லீவர் கைக்கு எட்ட வேண்டும். இவற்றைக் கொடுப்பது எதுவானாலும் எனக்கு அது ஸ்டாண்ட்தான்.

கயிறு கொடுக்கும். மேலே உறுதியான உத்தரமோ கொக்கியோ இருந்தால், கயிற்றைச் சீட்டின் அடியிலுள்ள இரண்டு கம்பிகளில் கோத்து, பின்சக்கரம் தரையை விட்டு நான்கு விரல் எழும்பும் அளவுக்குக் கட்டுங்கள். முன்சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். அது திரும்பாமல் இருக்க, சக்கரத்தையும் ஃபிரேமின் கீழ்க்குழாயையும் சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். சைக்கிளை மாட்டும் முன் அந்தக் கயிற்றில் நீங்களே ஒருமுறை தொங்கிப் பாருங்கள். இதில் ஒரே குறை ஊசலாட்டம். பெடலை வேகமாகச் சுற்றினால் சைக்கிளும் கூடவே ஆடும். இடது கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். நெஞ்சு உயரத்தில் உறுதியான குறுக்குக் கம்பி இருந்தால் இன்னும் நல்லது. சீட்டின் மூக்கை அதன்மேல் மாட்டினால் பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். டிரையத்லான் போட்டிகளில் சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிடுவது இந்த முறையில்தான்.

பின்சக்கரத்தின் இடப்பக்கம், ஃபிரேமின் இரண்டு கம்பிகளையும் கொக்கிகளால் பிடித்துத் தூக்கும் சிறு ஸ்டாண்டும் உண்டு. உயரம் கிடைக்காது, குந்தி உட்கார வேண்டும். ஆனால் கியர் வேலைக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுக்கிறது. வருடத்துக்கு நான்கைந்து முறை கியர் பார்ப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒற்றைக்கால் சைடு ஸ்டாண்டில் சைக்கிளைச் சாய்த்துப் பின்சக்கரத்தைக் காற்றில் தூக்கிப் பிடித்துச் சுற்றுவது மட்டும் வேண்டாம். மொத்த எடையும் அந்த ஒரு காலில் இறங்கும். கால் வளையும், சில நேரம் அது பொருத்தப்பட்ட இடமும் சேர்ந்து வளையும்.

பெரிய ஒர்க் ஸ்டாண்ட் வாங்குவதென்றால், அதன் தாடை எதைக் கவ்வ வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கவ்வ வேண்டியது சீட்டைத் தாங்கும் கம்பியை. ஃபிரேமின் மேல்குழாய் எத்தனைதான் வசதியாக நீட்டிக்கொண்டு நின்றாலும் அதைத் தொடாதீர்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் பழகிய காலத்தில், ஒருவரின் அலுமினியச் சைக்கிளை மேல்குழாயில் கவ்வி, நழுவிவிடுமோ என்ற பயத்தில் பிடியை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். கையில் எந்த எதிர்ப்பும் தெரியவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இருந்தது. பிடியைத் திறந்தால், குழாயின் இரு பக்கமும் கட்டைவிரல் வைத்து அமுக்கியது போலப் பள்ளம். மெல்லிய குழாய்கள் நீளவாக்கில் வரும் விசையைத் தாங்கவே செய்யப்பட்டவை. பக்கவாட்டில் நசுக்கினால் தாங்காது. கார்பன் குழாயில் பள்ளம்கூடத் தெரியாமல் உள்ளே விரிசல் விடலாம் என்பதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம்.

சீட்டுக் கம்பியிலும் விதிவிலக்குகள் உண்டு. ஓட்டும்போதே ஏறி இறங்கும் வகைக் கம்பியின் பளபளப்பான மேல்பகுதியைக் கவ்வக் கூடாது, கீறல் விழுந்தால் அதன் சீல் போய்விடும். அடியில் அசையாமல் இருக்கும் தடித்த பகுதியைக் கவ்வலாம். காற்றைக் கிழிக்கத் தட்டையாகச் செய்த கம்பியையும் மெல்லிய கார்பன் கம்பியையும் கவ்வாமல், முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கிலும், பெடல் மாட்டியிருக்கும் கிராங்குக்கு அடியிலும் தாங்கும் வகை ஸ்டாண்டைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. அல்லது பழைய உலோகக் கம்பி ஒன்றை வேலை நேரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். தாடைக்கும் கம்பிக்கும் நடுவே சுத்தமான துணி இருக்கட்டும். துணியில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், கம்பியில் கோடு போட்டுவிடும். முக்காலி ஸ்டாண்டில் சைக்கிளின் எடை ஒரு காலுக்கு நேர் மேலே வர வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே வந்தால் கவிழப் பார்க்கும். மின்சாரச் சைக்கிள் பல நேரம் 20 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்ட் எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும், பாருங்கள்.

ஸ்டாண்ட் வந்த பிறகு எல்லா வேலையையும் அதிலேயே செய்யத் தோன்றும். பெடலைக் கழற்றுவது, கிராங்க் போல்ட்டை இறுக்குவது போன்ற, உடல் பலம் போட்டுச் செய்யும் வேலைகளைத் தரையில் வைத்தே செய்யுங்கள். கையால் ஸ்பானரை உந்தும் விசை முழுவதும் தாடை கவ்விய அந்த ஓர் இடத்தில் போய் முறுக்கும். விரல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சக்கரம் சுழலும்போது செயினைத் துணியால் பிடித்துத் துடைக்காதீர்கள். துணி பல்லில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸட் வகைச் சைக்கிளில் விரல் துண்டாகும் அளவுக்கு இது கொடியது. டிஸ்க் பிரேக்கின் தட்டு சுழலும்போது அதுவும் கத்திதான். கியர் பார்க்க வேகம் எதற்கு? மெதுவாகச் சுற்றினால்தான் எந்தப் பல்லில் செயின் தயங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

எந்த ஸ்டாண்டாலும் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது: உங்கள் காலின் எடை. கையால் சுற்றும்போது செயினில் இழுப்பே கிடையாது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் ஃபிரேம் சற்று முறுகும், தேய்ந்த பல் செயினைப் பிடிக்க முடியாமல் விடும். பின்புறமும் சஸ்பென்ஷன் இருந்தால், நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கிக் கேபிள் போகும் வழியே சற்று மாறும். சில தயாரிப்புகளில் டீரெய்லரின் மேல் சிறுசக்கரத்துக்கும் மிகப் பெரிய பற்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை, ஆள் ஏறி அமுங்கிய நிலையில்தான் அளக்கச் சொல்கிறார்கள். எனவே ஸ்டாண்டில் முடித்ததும், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு பத்து நிமிடம் ஓட்டி, நின்று, அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருகி, மறுபடி ஓட்டுங்கள். செயின் சிறிய பற்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் கேபிள் இறுக்கம் அதிகம். கேபிள் நுழையும் பக்கமிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றில் திருகுங்கள். பெரிய பற்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் எதிர்ச்சுற்று. எச், எல் என்று எழுதிய இரண்டு சிறு திருகுகளைத் தொடாதீர்கள். அவை செயின் இரு ஓரங்களையும் தாண்டி விழாமல் காக்கும் வேலிகள். நடுக் கியரின் சத்தத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் சைக்கிளை நான் பார்க்கவில்லை. அதனால் தாங்கலை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நிமிர்ந்த நிலையில், சக்கரம் சரியாக அமர்ந்து, ஹேண்டில்பார் நேராக இருக்கச் சரிசெய்த பிறகும் தொல்லை நின்றால், எங்கே வருகிறது என்று கவனியுங்கள். எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி தட்டினால் கேபிள் இறுக்கம் இன்னும் அமையவில்லை. சிறிய பற்களில் சுத்தமாக ஓடி, பெரியவற்றுக்குப் போகப்போக மோசமானால், டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம்; சைக்கிள் ஒருமுறை வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே அது வளையும். அதற்கென்று இருக்கும் அளவுகோலை ரிம்மைச் சுற்றி வைத்து அளந்தால் வித்தியாசம் 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஒன்றிரண்டு பற்களில் மட்டும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாவினால், தேய்மானம். செயின் 0.75 சதவீதம் நீண்டிருந்தால், 11, 12 கியர் சைக்கிளில் 0.5 சதவீதமே நீண்டிருந்தாலும், முதலில் செயினை மாற்றுங்கள். புதுச் செயின் அந்தப் பற்களில் முன்பைவிட மோசமாகத் தாவினால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.